ஒழிந்தோர் கதை

நட்பைப் பாடாத புலவர் தமிழ்நாட்டில் அரியர். திருவள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்பின் பொருட்டே வகுத்தார். நண்பனைத் தேர்வது எங்ஙனம், தேர்ந்த நட்பைப் பேணுவது எங்ஙனம், தீயோர் நட்பினின்று விலகுவது எங்ஙனம் என்பன அவற்றுள் விளங்கக் கூறப்பட்டுள்ளன. ஆயின் நண்பனை இழந்தவன் அதன்பின் தன் நாட்களைக் கழிப்பது எங்ஙனம் என்பதற்கென்று தனி அதிகாரம் ஆண்டு இல்லை. அந்நண்பன் நோயாலன்று, விபத்தாலன்று, தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டு பிரிந்தானாயின், எஞ்சி நிற்பவனுக்கு உலகம் கூறும் ஆறுதல் யாது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஊரார் குரலைத் தாழ்த்திக்கொள்வர். பள்ளி அவன் பெயரை வருகைப் பதிவேட்டினின்று நீக்கிவிடும். பெற்றோர் வாயடைத்து நிற்பர். இம்மௌனத்தின் நடுவே, அவனோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழன் தனித்து விடப்படுகின்றான்.

இம்மௌனத்தை நீக்கவல்ல கதைகள், பதினைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட அகவையினர்க்கென்றே, தமிழில் எழுதப்படுதல் வேண்டும் என்பதும், அக்கதைகள் மாண்டாரைவிட எஞ்சினாரையே நாயகராகக் கொள்ளுதல் வேண்டும் என்பதும் எம் கருத்து. இக்கருத்துக்கு அரணாக யாம் அயல்நாட்டு நூல்களை முதற்கண் நாடவில்லை. நாம் வகுப்பறையில் நாளும் பயிலும் புறநானூற்றையே நாடுகின்றோம்.

முதலில் இத்தேவையின் அளவைக் காண்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவருள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மராட்டியத்திற்கு அடுத்த நிலை நம் மாநிலத்தினுடையது. மாணாக்கர் மட்டும் நாடு முழுவதும் 13,044 பேர். இவ்வெண்கள் மாண்டாரை மட்டுமே எண்ணுகின்றன. அப்பதின்மூவாயிரவருள் ஒவ்வொருவர்க்கும் உடன் படித்தார் இருந்தனர். உணவுப் பொதியைப் பகிர்ந்துண்டார் இருந்தனர். ஆலங்குடிப் பேருந்திலோ அறந்தாங்கிப் பேருந்திலோ இருவர் இருக்கையில் அருகமர்ந்து வந்தார் இருந்தனர். அவரை எண்ணுவார் யார்? எந்த ஏட்டிலும் அவர்க்குப் பத்தி இல்லை.

நம் புதுக்கோட்டைச் சீமைக்கு இளையோர் இலக்கியம் புதிதன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த இராயவரம் இம்மாவட்டத்ததே. 1950-இல் அவர் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1940-களின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் இப்புதுக்கோட்டை நகரினின்றே சிறுவர் இதழ்கள் பல வெளிவந்து தமிழ்நாடெங்கும் பரவின. 1975-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசினைத் தமிழுக்கு ஈட்டித் தந்த அகிலன் பிறந்த பெருங்களூரும் இம்மாவட்டத்தின்கண் உள்ளதே. குழந்தைகட்குப் பாட்டும் பெரியோர்க்கு நாவலும் தந்த மண் இது. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு படி விடுபட்டு நிற்கின்றது. யானையையும் அணிலையும் பாடும் நூலை வைத்துவிட்டுப் பதினாறு அகவைச் சிறுவன் நேரே முதியோர் நாவலுக்குள் தாவவேண்டியவனாகின்றான். அவனுக்கென்று உள்ள அலமாரியில் தேர்வு வழிகாட்டிகள் நிறைந்துள; அவன் துயரத்தைப் பேசும் கதைகள் மிகச் சிலவே உள.

நிற்க. இவ்வகைத் துயரத்தைப் பாடும் மரபு தமிழுக்கு உண்டோ என்று வினவுவார்க்கு, உண்டு என்பதும், அதுவே தமிழின் மிகப் பழைய மரபுகளுள் ஒன்று என்பதும் எம் விடை.

கோப்பெருஞ்சோழன் வரலாறு யாவரும் அறிந்தது. உறையூரிலிருந்து ஆண்ட அம்மன்னன், தன் மைந்தர் இருவர் தன்மேற் போருக்கு எழக்கண்டு உளம் நொந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் அப்போரின் பழியை எடுத்துரைத்துத் தடுத்தார். மன்னன் போரொழிந்து, ஆற்றிடைக்குறையில் வடக்கிருந்து உயிர்நீத்தான். அவனை முன்பின் கண்டிராத பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார், அவன் கூறியவாறே வந்து அவனருகில் வடக்கிருந்தார். பரிமேலழகர் 785-ஆம் குறளுக்கு உரை காணுமிடத்து இவ்விருவர் நட்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அன்று தொட்டு இன்றுவரை, நட்புக்கு இலக்கணம் எழுதுக என்று தேர்வில் வினா வரின் மாணாக்கர் எழுதும் பெயர் பிசிராந்தையார் என்பதே.

அவ்வரலாற்றில் மற்றொரு நண்பர் உளர். அவரைப்பற்றித் தேர்வில் எவரும் வினவுவதில்லை. அவர் பொத்தியார். மன்னனோடு நாளும் உடனிருந்து பழகியவர் அவர்தாம். அவரும் மன்னனோடு வடக்கிருக்க முனைந்தார். மன்னன் அதற்கு இசைந்திலன். மனைவி கருவுற்றிருந்தாள், மகன் பிறந்த பின்னர் வருக என்று கூறி அவரைத் திருப்பிவிட்டான். பொத்தியார் உறையூருக்கு மீண்டார். மீண்டவர் கண்டதென்ன? அரசனில்லா மன்றம். பல்லாண்டு சோறூட்டி வளர்த்த களிற்றை இழந்த பாகன், அது கட்டுண்டிருந்த வெறுந்தறியைக் கண்டு கலங்கியதைப் போலத் தாம் கலங்கியதாக 220-ஆம் பாட்டில் அவர் கூறுகின்றார். நண்பன் பயன்படுத்திய இடம் வெறிதாகக் கிடத்தலைக் காண்பதே எஞ்சினார்க்கு முதல் துயரம் என்பதை இதனினும் எளிதாகக் கூறல் அரிது. வகுப்பில் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு பலகையைக் கண்டு வாயிற்படியிலேயே நின்றுவிட்ட மாணவனுக்கு இப்பாட்டின் உரை தேவையில்லை.

இனிப் பறம்பின் வேள் பாரியையும் கபிலரையும் நோக்குவோம். பறம்பு என்பது நம் பொன்னமராவதிக்கு அணித்தாகச் சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலையே என்பர். மூவேந்தரால் பாரி வீழ்ந்தான். அவன் சாவு தற்கொலையன்று. ஆயினும் எஞ்சிய நண்பனின் நிலையைக் கபிலரைப்போல் நமக்கு விளக்குவார் பிறர் இலர். பாரியோடு தாமும் செல்ல விழைந்த கபிலரைப் பாரி தடுத்தான் என்பது 236-ஆம் பாட்டால் விளங்கும். அவன் கூறியதாக அப்பாட்டில் வரும் சொல் ‘ஒழிக’ என்பது. இன்று தெருவில் ‘ஒழிக’ என்று முழங்குவார் அழிக என்னும் பொருளில் முழங்குகின்றனர். பாரி கூறிய ‘ஒழிக’வின் பொருள் அதற்கு நேர்மாறானது: நீ என்னுடன் வாரற்க, இங்கேயே இரு என்பதே அது. கபிலர் இருந்தார். பாரியின் மகளிர் இருவரைப் பாதுகாக்கும் கடனை மேற்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்.

பொத்தியார் பாடிய 222-ஆம் பாட்டிலும் இவ்வினையடியே வருதல் காண்க. தம்மை இவ்விடத்தே ‘ஒழித்த’ மன்னன் என்று அவர் சோழனைக் குறிக்கின்றார்; உயிருடன் இருக்கச் செய்தவன் என்பது பொருள். தொல்காப்பியர் காஞ்சித்திணையில் கையறுநிலைக்கு இலக்கணம் கூறுமிடத்தும், இறந்தாரை எண்ணிப் புலம்புவார்க்கு அவர் தந்த பெயர் ‘ஒழிந்தோர்’ என்பதே. எனவே கையறுநிலை என்பது ஒழிந்தோர் இலக்கியம். எஞ்சியிருப்பார் பேசும் இலக்கியம். நண்பரை இழந்த இளைஞர்க்குக் கதை வேண்டும் என்று யாம் கூறும்போது புதுத்துறை ஒன்றைத் தமிழுக்குள் புகுத்துகின்றோமல்லோம். தொல்காப்பியர் பெயரிட்ட துறையை மீண்டும் திறக்கவேண்டும் என்றே கூறுகின்றோம்.

இவ்விரு பாட்டினும் யாம் பெரிதும் போற்றுவது, இவற்றின் உண்மை. கபிலர் பாரியை வெறுமனே புகழவில்லை, சினக்கின்றார். கலந்த நட்புக்கு நீ ஒத்தவனல்லை, என்னை வெறுத்தாய் போலும் என்று அவனிடமே முறையிடுகின்றார். பொத்தியார் தம் மன்னனை அன்பிலாதவன் என்றே விளித்துவிடுகின்றார். காலந்தாழ்த்து வந்து சேர்ந்த கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனாரோ, நீ என்மேற் புலந்தாய் போலும் என்று 219-ஆம் பாட்டில் வருந்துகின்றார். நண்பனைத் தற்கொலையால் இழந்தார் நெஞ்சில் எழும் இரு பேருணர்ச்சிகள் இவையே. ஒன்று, என்னை விட்டுச் சென்றனையே என்னும் சினம். மற்றொன்று, யான் சற்று முன்னரே வந்திருப்பின் என்னும் குற்றவுணர்வு. இவ்விரண்டையும் வாய்விட்டுக் கூறுதற்கு இன்றைய சமூகம் இடந்தருவதில்லை. இறந்தவன்மேற் சினப்பது பாவம் என்கின்றோம். உனக்கு முன்னரே தெரியாதா என்று வினவி அவன் குற்றவுணர்வை வளர்க்கின்றோம். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட புலவர் தயங்காது கூறியதை இன்றைய பதினேழு அகவைத் தோழி தன் தாயிடமும் கூற அஞ்சுகின்றாள்.

இவ்விடத்து ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ளுதல் கடன். பொத்தியாரும் இறுதியில் வடக்கிருந்தாரல்லரோ? கபிலரும் பாரிமகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்புவித்தபின் வடக்கிருந்தாரல்லரோ? இவரை இளைஞர்க்கு எங்ஙனம் எடுத்துக்காட்டுவது என்று கேட்பர். கேள்வி தக்கதே. வடக்கிருத்தல் ஓர் அறமாக எண்ணப்பட்ட காலம் அது. நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்னும் குகையின்கண் வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள் உள. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டும் ஆண்டு உண்டு. சமண முனிவர் துறவு பூண்டு உண்ணாநோன்பு நோற்ற இடம் அது என்பர். பல்லாண்டு துறவில் முதிர்ந்தார் தம் சமய நெறிப்படி மேற்கொண்ட நோன்பும், மானத்தின்பொருட்டு முதுவேந்தன் ஏற்ற முடிவும் அக்காலத்தார் கருத்துகட்கு உரியவை. இன்று தேர்வில் தோல்வியுற்றோ, கடனுக்கு அஞ்சியோ, சாதியின் பெயரால் இகழப்பட்டோ, காரணமே விளங்காத உளநோயாலோ ஓர் இளைஞன் இருளில் எடுக்கும் முடிவை இவற்றோடு ஒப்பிடல் பெரும்பிழை. அவனை அழைத்துச் செல்வது நோன்பன்று, நோவு. அந்நோவு தீர்க்கத்தக்கது. ஆதலின், அப்புலவர் முடிவை யாம் மேற்கொள்ளவில்லை; அவருக்கு இடப்பட்ட கட்டளையை மேற்கொள்கின்றோம். சோழன் தன் உற்ற நண்பனுக்குக் கூறியதும், பாரி தன் உற்ற நண்பனுக்குக் கூறியதும் ஒன்றே: நீ இரு. ஒருவர்க்குப் பிறக்கவிருக்கும் மகவும், மற்றொருவர்க்கு ஆதரவற்ற மகளிரும் காத்திருந்தனர். பிசிராந்தையாரைப் போற்றும் நம் வகுப்புகள், இருக்கச் சொல்லப்பட்டுத் துயரத்தோடு வீடு திரும்பிய பொத்தியாரையும் போற்றக் கற்பின் நன்று.

இனி, முதியோர் சிலர் கூறும் தடை. இத்தகைய கதைகளைப் படிப்பின் இளைஞர்க்கு அவ்வெண்ணம் தோன்றிவிடாதா என்பர். இவ்வச்சத்தை யாம் எள்ளி நகையாடமாட்டோம். அது முற்றும் ஆதாரமற்றதன்று. செருமானியப் பெரும்புலவர் கோத்தே 1774-இல் வெர்த்தர் என்னும் இளைஞனின் துயரக்கதையை வெளியிட்டார். காதலில் தோற்ற அவ்விளைஞன் தன்னுயிரை மாய்த்துக்கொள்வதாக அக்கதை முடியும். அதைப் படித்த இளைஞர் அவனைப்போல் உடுத்தனர். சிலர் அவனைப்போல் மாண்டனர் என்றும் பேசப்பட்டது. 1775-இல் லைப்சிக் நகரில் அந்நூல் தடைசெய்யப்பட்டது. இருநூறாண்டுகள் கழித்து, 1974-இல், அமெரிக்க அறிஞர் டேவிட் பிலிப்ஸ் என்பார், செய்தித்தாள்கள் தற்கொலைச் செய்தியைப் பெரிதுபடுத்துமிடத்து அத்தகைய சாவுகள் மிகுதல் கண்டு அதற்கு ‘வெர்த்தர் விளைவு’ என்று பெயரிட்டார். கோத்தேயும் இதனை உணராதவரல்லர். 1775-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் ஒரு செய்யுளைச் சேர்த்தார். மாண்ட வெர்த்தரே படிப்பவனை நோக்கி, என் பின்னே வாராதே என்று கூறுவதாக அது அமைந்தது. நம் சோழனும் பாரியும் கூறியதை அச்செருமானியரும் தம் நூலின் முகப்பில் எழுதவேண்டியதாயிற்று.

இக்காலத்தும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜே ஆஷர் 2007-இல் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்’ என்னும் நாவலை இளையோர்க்கென எழுதினார். இறந்துபோன மாணவி ஒருத்தி, தன் சாவுக்குக் காரணமானவர் இன்னார் என்று ஒலிநாடாக்களில் பதிந்து வைத்துச் செல்வதாகவும், உடன் பயின்றார் அவற்றைக் கேட்பதாகவும் அக்கதை செல்லும். 2017-இல் அது இணையத் தொடராக வந்தபோது, அவள் சாவை நேரே காட்டிய காட்சியை மனநல அறிஞர் பலர் கண்டித்தனர். 2019-இல் அக்காட்சி நீக்கப்பட்டது. காட்சியினும் பெரிய குறை அக்கதையின் அமைப்பிலேயே உளது என்பது எம் எண்ணம். சாவை அது பழிதீர்க்கும் கருவியாக்குகின்றது. இறந்தவள் பேசிக்கொண்டே இருக்கின்றாள். எஞ்சியவர் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். மெய்வாழ்வில் நடப்பதோ இதன் மறுதலை. இறந்தவர் பேசுவதில்லை. எஞ்சியவரே விடை வாராத வினாக்களோடு நாளும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

எனினும், சில கதைகள் தீங்கிழைத்தன என்பதுகொண்டு எல்லாக் கதையும் தீது என்பது பொருந்தாது. மோசார்ட் 1791-இல் இயற்றிய இசைநாடகம் ஒன்றில் பப்பகேனோ என்னும் பறவைவேடன், உயிரைவிடத் துணியும் வேளையில் மூன்று சிறுவர் தோன்றி அவனுக்கு வேறு வழியை நினைவூட்ட, அவன் மீள்கின்றான். வியன்னா நகரத்து அறிஞர் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்று, இடுக்கணைக் கடந்து வாழ்ந்தார் வரலாற்றைச் செய்தித்தாள்கள் எழுதுமிடத்து அத்தகைய சாவுகள் குறையக் காணப்பட்டன என்று கூறி, அதற்குப் ‘பப்பகேனோ விளைவு’ என்று பெயர் தந்தது. ஒருவனிடம் தற்கொலையெண்ணம் உண்டோ என்று பரிவோடு வினவுதல் அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை என்றே உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. எனவே வினா, எழுதலாமா என்பதன்று. எங்ஙனம் எழுதுவது என்பதே.

எழுதுவார்க்கு யாம் வேண்டிக்கொள்வன சில. சாவு நிகழ்ந்த முறையைக் கதை விரித்துரையாதொழிக. அதற்கு ஒரே காரணத்தைக் கற்பித்து, ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதொழிக. மனிதன் உள்ளம் ஒற்றைக் காரணத்தால் முறிவதில்லை. இறந்தவனை வீரனாக்காதொழிக, கோழை என்று இகழாமலும் இருக்க. கதை அடக்கத்தோடு முடியாமல், அதன் மறுநாளில் தொடங்குக. கைப்பேசியினின்று நீக்க மனமில்லாத எண், இறுதியாக விடையளிக்காமல் விட்ட ஒரு செய்தி, காவலர் வந்து கேட்கும் கேள்விகள், ஊரார் கட்டும் கதைகள், நண்பனின் தாய் கையைப் பற்றிக்கொண்டு உன்னிடம் ஏதேனும் சொன்னானா என்று கேட்கும் கணம், தேர்வுக்கூடத்தில் வெறுமையாய் விடப்பட்ட எண், அச்சாவின் பின்னர் முதன்முறை தன்னை மறந்து சிரித்துவிட்ட நாளில் தோன்றும் நாணம் ஆகிய இவையே அக்கதையின் பொருள். இவற்றைக் கடந்து ஓர் உயிர் மெல்ல மெல்ல வாழ்வுக்குத் திரும்புவதை எழுதுக. கேத்தரின் பாட்டர்சன் என்னும் அம்மையார், சீனத்தில் பணியாற்றிய மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 1974-இல் அவர் மகனுடைய தோழி ஒருத்தி இடிவீழ்ந்து இறந்தாள். அம்மகனின் துயரைத் தாங்கமாட்டாமல் அவர் எழுதி 1977-இல் வெளியிட்ட ‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’ என்னும் சிறுநூல் இன்றுவரை உலகெங்கும் சிறுவரால் படிக்கப்படுகின்றது. அதில் நேர்வது தற்கொலையன்று. எனினும் எஞ்சிய சிறுவனின் மறுப்பையும் சினத்தையும் அழுகையையும் மறையாமல் எழுதி, அவனை வாழவிட்டு அக்கதை முடிகின்றது. அத்தகைய நூலொன்று நம் ஊர்ப் பெயர்களோடும் நம் வீட்டுப் பேச்சோடும் தமிழில் வருதல் வேண்டும்.

கிறிஸ்தவக் கல்லூரியில் பயிலும் யாம் திருச்சபையைப் பற்றியும் ஒரு சொல் கூறாமலிருத்தல் முறையன்று. தற்கொலையால் இறந்தாரைத் திருச்சபைகள் நெடுங்காலம் அடக்க ஆராதனைக்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் புறம்பாக்கி வைத்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் வரிசையினின்று அவர் நீக்கப்பட்டனர். 1992-இல் வெளிவந்த அச்சபையின் மறைக்கல்வி நூல், அவரது மீட்பைக் குறித்து நம்பிக்கையிழத்தல் ஆகாது என்று கற்பிக்கின்றது. நாட்டின் சட்டமும் மாறியது. தற்கொலைக்கு முயன்றாரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானாராகக் கொண்டு பேணுதல் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறிற்று. அம்முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையில் அவ்வாறே இடம்பெறவில்லை. சட்டங்கள் மாறிய அளவு நம் நாவுகள் மாறவில்லை.

வேதாகமமோ இதற்கு நெடுங்காலம் முன்னரே வழிகாட்டியுள்ளது. கில்போவா மலையில் சவுல் தன் பட்டயத்தின்மேல் தானே வீழ்ந்து மாண்டான். அவனுடைய ஆயுததாரியும் அவ்வாறே செய்தான். யாபேஸ் கீலேயாத்தின் வீரர் இரவெல்லாம் நடந்து சென்று சவுலின் உடலை மீட்டு அடக்கஞ்செய்து ஏழுநாள் உபவாசம் இருந்தனர். அவன் மாண்டவிதத்தை எவரும் பழித்திலர். தாவீது, தன் ஆருயிர்த் தோழன் யோனத்தானுக்கும், தன்னைக் கொல்லத் தேடிய சவுலுக்கும் சேர்த்தே ஒரு புலம்பல் பாடினான். அப்புலம்பலை யூதாவின் மக்களுக்குக் கற்பிக்கும்படி அவன் கட்டளையிட்டான் என்று அவ்வதிகாரத்திற்குப் பொருள்கொள்வார் பலர். இளையோர்க்குத் துயரத்தைக் கற்பித்தல் தகுமோ என்பார்க்கு இதுவே விடை. பிலிப்பி நகரச் சிறைச்சாலைக்காரன் கைதிகள் தப்பினர் என்று அஞ்சி உயிர்விடத் துணிந்தபோது பவுல் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. உனக்குத் தீங்கு செய்துகொள்ளாதே, நாங்கள் அனைவரும் இங்கே இருக்கின்றோம் என்னும் கருத்தை உரத்துக் கூவினார். அவ்வுயிரைக் காக்க அதுவே போதியதாயிற்று.

நம் முன்னோர் மாண்டார்க்கு நடுகல் நாட்டினர். புதுக்கோட்டை நகருக்கு அணித்தான பொற்பனைக்கோட்டையிலும் தமிழி எழுத்துடைய பழைய நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. நடுகல் மாண்டார்க்கு மட்டும் உரியதன்று. எஞ்சினார் சென்று நின்று பேசுதற்கும் அது ஓர் இடம். கோப்பெருஞ்சோழனுக்கு எடுத்த கல்லின் முன் நின்றே பொத்தியார் தம் சினத்தையும் அன்பையும் கூறினார். இன்று தற்கொலையால் நண்பனை இழந்த மாணவனுக்கு அத்தகைய கல் இல்லை. அவன் பெயரை எடுத்தாலே பேச்சு திரும்பிவிடுகின்றது. அவன் நின்று பேசுதற்கு ஓரிடம் தருவதே கதையின் பணி.

ஆதலின் எம் வேண்டுகோள் மூன்று. எம் கல்லூரித் தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் நடத்தும் சிறுகதைப் போட்டிக்கு இப்பொருளையும் ஒருமுறை தலைப்பாகத் தருக. ஆசிரியப் பெருமக்கள் அவற்றை எழுத்தின் அழகு நோக்கி மட்டுமன்றி, மேலே கூறிய எச்சரிக்கைகளை உளங்கொண்டும் திருத்துக. நூலகத்தில் இளையோர் நாவல்கட்கென ஓர் அலமாரி அமைக்க. பழைய மாணவருள் எழுத்தாளர் உளராயின், பெரியோர்க்கு எழுதும் நூல்கட்கிடையே எங்கட்கும் ஒன்று எழுதித் தருக.

கதை வரும்வரை காத்திருத்தல் ஆகாத கடனும் ஒன்றுண்டு. உடன் பயில்வார் எவரேனும் இவ்வாறு நண்பனை இழந்திருப்பின், காரணம் யாது என்று அவரை வினவற்க. அந்நண்பன் பெயரைக் கூறி அவனைப்பற்றிக் கேட்க. தனித்திருப்பாரை உணவுக்கு அழைக்க. உயிர்மேல் வெறுப்புத் தோன்றியதாக ஒருவர் கூறின், அதனை மறைவாக வைத்திருத்தல் நட்பாகாது. அவருடன் அமர்ந்து, நம்பத்தக்க பெரியோரிடமோ மருத்துவரிடமோ உடன் செல்க. 2022 அக்டோபர் முதல் டெலி-மானஸ் என்னும் அரசின் கட்டணமில்லாச் சேவை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கின்றது. தமிழ்நாட்டு அரசின் 104 என்னும் எண்ணும் உண்டு. சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட ‘சினேகா’ நிறுவனமும் இப்பணியையே செய்துவருகின்றது. துயருற்றார்க்கேயன்றி, துயருற்றாரை இழந்தார்க்கும் இவ்வாயில்கள் திறந்துள.

இருக்கச் சொல்லுதலே நட்பின் இறுதிச் சொல் என்று சோழனும் பாரியும் காட்டினர். அச்சொல்லைக் கேட்டு இருந்தவர், தனித்திருக்கின்றோம் என்று எண்ணாதவாறு உடனிருத்தல் நம் கடன். எல்லாம் வல்ல ஆண்டவர் அதற்கான அன்பையும் சொல்லையும் நமக்கு அருள்வாராக.